அஜீசா மாதிரி படிப்பது எப்படி

தேர்வு முடிவைக் கைபேசியில் பார்த்த வியாகுலம்மாள், ஒரு நம்பிக்கையில் அதைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தாள். அப்படியும் மதிப்பெண் ஏறவில்லை.

“இன்னாடி இது, வரிசையா ஆர்.ஏ., ஆர்.ஏ.ன்னு போட்டுக்கீது?”

“ரீ-அப்பியர்மா. திரும்ப வந்து எய்தணும்னு அர்த்தம்,” என்றாள் மகள் அடைக்கலமேரி.

“பெயிலுன்றத எம்மாம் மரியாதையா சொல்றாங்க பாரு. எத்தினி?”

“நாலு.”

“மொத்தமே ஆறுதானே?”

பி.காம். இரண்டாம் ஆண்டை முடித்தவளுக்கு அந்தக் கழித்தல் கணக்கு தெரியாமல் இல்லை. வாய்விட்டுச் சொல்லத்தான் மனம் வரவில்லை.

அவள் படிக்காமல் தோற்றிருந்தால் யாரும் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள். ராயபுரத்தில் படிக்காமல் தோற்றவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அடைக்கலமேரி படிப்பாள். கோயில் மணி அடிக்கும்போது எழுந்து படிப்பாள். குழாயடியில் குடம் நிறைகிற நேரத்தில் படிப்பாள். பேருந்தில் நின்றுகொண்டு படிப்பாள். உட்கார இடம் கிடைத்தால் தூக்கம் வந்துவிடும் என்று நின்றுகொண்டேதான் படிப்பாள். அந்தத் தெருவில் பிள்ளைகளைத் திட்டுகிற தாய்மார்கள் எல்லாரும், “பாஸ்கல் பொண்ணப் பாரு, எப்பவும் கையில பொஸ்தகம்,” என்றுதான் திட்டுவார்கள். தேர்வு முடிவு வந்த பிறகு ஒரு வாரம் மட்டும் அந்தத் திட்டு நிறுத்தி வைக்கப்படும்.

அப்பா பாஸ்கல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் இரண்டே விளக்கங்கள்தாம். ஒன்று, சுமை அதிகம். இல்லாவிட்டால், சங்கிலி சரியில்லை.

“உனுக்கு லோடு ஏறிக்கினே கீது. எறக்க ஆளு இல்ல,” என்றார் மகளிடம். “பாவம், நீயும் இன்னா பண்ணுவ. இந்த செமஸ்டர் ஒரு சான்ஸு. இதுலயும் புட்டுக்கிச்சுன்னா காத்திவாக்கம் போய்டு. அத்த கூப்டுகினே கீறா. எறா ஷெட்ல குந்திகினு எடை எய்து. சொம்மா சொல்லக் கூடாது, நாள் பூரா ஐஸு பக்கத்துலயே இருக்கலாம்.”

“நைனா, நான் எம்.காம். படிக்கணும்.”

“எறா வேணான்னா எம்.காம். படி. எம்.காம். வர்லன்னா எறா. இதுல இன்னா கஷ்டம்?”

அடைக்கலமேரிக்கு இறால் மேல் விரோதம் எதுவும் கிடையாது, அது தட்டில் இருக்கிற வரைக்கும். ஆனால் அவளுக்கு வேறொரு ஆசை இருந்தது. எம்.காம். முடித்து, என்றைக்காவது ஒரு நாள் கல்லூரி வகுப்பில் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, கடைசி வரிசையில் தூங்குகிற பெண்ணை எழுப்பி, “நான் இப்ப என்ன சொன்னேன், சொல்லு,” என்று கேட்க வேண்டும். இறால்களிடம் அப்படிக் கேட்க முடியாது.

அவள் கல்லூரியில் ‘படிப்புத்திறன் மேம்பாட்டு மையம்’ என்று ஒன்று இருந்தது. மேலிடத்திலிருந்து பார்வையிட வந்த குழுவுக்காக ஒரே வாரத்தில் தொடங்கப்பட்டது. அறையைவிடப் பதாகை பெரிதாகிவிட்டதால், பாதி உள்ளேயும் பாதி வராந்தாவிலுமாகக் கட்டியிருந்தார்கள். பொறுப்பாளர் பேராசிரியர் ராமதாஸ். குழு வந்து போன பிறகு அந்த அறைக்குள் வந்த முதல் ஆள் அடைக்கலமேரிதான். பேராசிரியர் அவளைப் பார்த்ததும், தப்பான அறைக்கு வந்துவிட்டாளோ என்று நினைத்தார்.

“சார், நான் ரொம்ப படிக்கிறேன். மார்க் வர மாட்டேங்குது.”

ராமதாஸ் முகம் மலர்ந்தது. மையத்துக்கு ஒரு நோயாளி கிடைத்துவிட்டாள்.

“அதுதான்மா தப்பு. கஷ்டப்பட்டுப் படிக்கக் கூடாது, புத்திசாலித்தனமாப் படிக்கணும். மூளைக்குக் கலர் பிடிக்கும். ஒவ்வொரு பாடத்தையும் ஒரு மரமா வரை. கிளைக்கு ஒரு கலர். அப்புறம் பாரு.”

அடைக்கலமேரி கலர் பேனா வாங்கினாள். காஸ்ட் அக்கவுன்டிங் முழுவதையும் நாள்காட்டியின் பின்பக்கங்களை ஒட்டி ஒரே மரமாக வரைந்து, கூடத்துச் சுவரில் மாட்டினாள். வந்துபோன உறவுக்காரர்கள் அதை எண்ணூர் கழிமுகத்தின் வரைபடம் என்று நினைத்து, தங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். 

அடுத்து வந்த உள்தேர்வில் கேள்வித்தாளைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் நினைவு வந்தது. முதல் கேள்விக்கு விடை பச்சை. இரண்டாவதற்கு ஊதா. மூன்றாவது, ஆரஞ்சிலிருந்து இடது பக்கம் பிரிகிற சின்னக் கிளை. அந்தக் கிளையில் என்ன எழுதியிருந்தது என்பதுதான் கடைசி வரை வரவில்லை.

“பரவால்ல,” என்றார் ராமதாஸ். “உன் மூளை கண்ணால படிக்கிற வகை இல்ல. உனக்குக் கவனம் சிதறுது. அலாரம் வச்சுப் படி. கொஞ்ச நேரம் படிப்பு, மணி அடிச்சா ஓய்வு, மறுபடி மணி அடிச்சா படிப்பு. வெளிநாட்டுல எல்லாம் இப்படித்தான்.”

வெளிநாட்டில் அப்பாக்கள் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குவதில்லை போலும். முதல் நாளே, முதல் மணிக்கே, உறக்கத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த பாஸ்கல், மேலே இருக்கிற சுமை விழப்போகிறது என்று பதறி, கைக்குக் கிடைத்ததை முழு பலத்தோடு பிடித்து இழுத்தார். கைக்குக் கிடைத்தது ஜன்னல் திரை. திரை வந்தது, திரைக்கம்பி வந்தது, கம்பி அறைந்திருந்த சுவரிலிருந்தும் ஒரு பகுதி கூடவே வந்தது.

அடுப்படியில் வியாகுலம்மாளுக்கு வேறு தொல்லை. மணி அடித்தால் எதையோ அணைக்க வேண்டும் என்று அவள் கைக்குப் பழக்கமாகிவிட்டது. இரண்டு நாள் வீட்டில் அரைவேக்காட்டுச் சோறு. மூன்றாம் நாள் பாஸ்கல் தட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“இது சோறா, லோடா?”

“உம் பொண்ணு மணியடிச்சா, நானு அடுப்ப அணைச்சேன். மறுபடி மணியடிச்சா, அவ படிக்கப் பூட்டா. சோத்த ஆரு பாக்கறது?”

“அந்தக் கடியாரத்த கொண்டாந்து என் கையில குடு,” என்றார் பாஸ்கல். அதற்குப் பிறகு அந்தக் கடிகாரத்தை அந்த வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

ராமதாஸ் மனம் தளரவில்லை. கணினியில் அவர் வைத்திருந்த விளக்கப் படத்தொகுப்பில் இன்னும் சில பக்கங்கள் பாக்கி இருந்தன.

“இதுதான்மா கடைசி ஆயுதம். படிச்சதை இன்னொருத்தருக்குச் சொல்லிக் கொடு. அவங்க கேள்வி கேட்பாங்க. கேள்வி வர வர உனக்குத் தெளிவு வரும்.”

அன்று மாலை அடைக்கலமேரி பெற்றோரைக் கட்டிலில் உட்கார வைத்துத் தேய்மானம் நடத்தினாள். ஒரு இயந்திரம் ஆண்டுக்கு ஆண்டு தேயும், அதன் மதிப்பைக் கணக்கில் குறைத்துக்கொண்டே வரவேண்டும் என்றாள்.

“இன்னாத்துக்குக் கொறைக்கணும்?” என்றார் பாஸ்கல். “தேயுதுன்னா துரு. துருவுக்குக் கணக்கு எய்துவாங்களா? நல்ல பெயிண்டா ரெண்டு கோட்டு அடிச்சா தீந்துச்சு.”

“அப்டி இல்ல நைனா. புக்குல இன்னா போட்டுக்கீதுன்னா…”

“புக்கு எய்தினவன் கிரேன் ஓட்டிக்கிறானா?”

“அதெல்லாம் தெரியாது.”

“அப்ப எனுக்குத் தெரியும், குந்து.”

பாடம் நீண்டது. முடிவில் தெளிவு வந்தது என்னவோ உண்மைதான். அப்பா சொன்னது அத்தனை தெளிவாக அவள் மனதில் பதிந்துவிட்டது. அடுத்த உள்தேர்வில், தேய்மானத்தை ஈடுகட்டும் முறைகளை விவரி என்ற கேள்விக்கு, இரண்டு கோட்டு பெயிண்டில் ஆரம்பித்து, உப்புக்காற்றுக்கு ஏற்ற நிறம் வரை எழுதி வைத்துவிட்டாள். விடைத்தாளைத் திருத்திய ஆசிரியை மதிப்பெண் எதுவும் போடவில்லை. ஓரத்தில், ‘அப்பாவை அழைத்து வரவும்’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

ராமதாஸ் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படத்தொகுப்பிலும் ‘நன்றி’ என்ற பக்கம்தான் மிச்சம்.

“உங்க கிளாஸ்ல முதல் மார்க் யாரும்மா?”

“அஜீசா, சார்.”

“பேசாம அந்தப் பொண்ணு எப்படிப் படிக்குதுன்னு பாரு. அதையே செய்.”

தண்டையார்பேட்டை அஜீசாவைப் பற்றி வகுப்பில் யாருக்கும் ஒன்றும் புரிந்ததில்லை. வருகைப்பதிவில் அடைக்கலமேரிக்கு அடுத்த பெயர் அவளுடையதுதான். முதல் செமஸ்டரிலிருந்து முதல் மதிப்பெண்ணும் அவளுடையதுதான். ஆனால் அவள் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்கள் கிடையாது. வெயிலுக்குத் தலையில் வைத்துக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் உண்டு. நல்ல பெண். அதிலும் அடைக்கலமேரி மேல் தனிப் பிரியம். பரீட்சை வந்தால் போதும், “நாலாவது யூனிட் முடிச்சிட்டியாடி? அஞ்சாவதையும் வுட்றாத. ஒடம்பப் பாத்துக்கோ,” என்று தாய் மாதிரி விசாரிப்பாள். போன பரீட்சைக்கு முதல் நாள் அடைக்கலமேரிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வீடு தேடி வந்துவிட்டாள்.

இப்போது அடைக்கலமேரி அவள் வீடு தேடிப் போனாள். கதவைத் திறந்தது அஜீசாவின் அம்மா.

“அஜீசா படிச்சிகினு கீறாளா, ஆன்ட்டி?”

“யாரு, எங்க அஜீசாவா?” அந்த அம்மாள் நிலைப்படியிலேயே கொஞ்ச நேரம் சிரித்தாள். “உள்ள தூங்குது, போய்ப் பாரும்மா.”

மாலை ஐந்து மணிக்கு ஒரு முதல் மாணவி தூங்குகிறாள். அடைக்கலமேரி பயபக்தியோடு பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பக்கமாகச் சாய்ந்து தூங்குகிறாள் என்று மனதில் குறித்துக்கொண்டாள்.

அதிலிருந்து இரண்டு வாரம், அஜீசா போகிற இடமெல்லாம் போனாள். அஜீசா பர்மா நூடுல்ஸ் விற்கிற அத்தோ கடைக்குப் போனால் இவளும் போய் ஒரு தட்டு வாங்கினாள். அஜீசா காசிமேட்டில் படகு வருவதை வேடிக்கை பார்த்தால் இவளும் பார்த்தாள். அஜீசா சீரியல் பார்த்தாள், மருதாணி போட்டாள், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாடியே போய் இருந்தாள். படிப்பு மட்டும் எங்கேயும் வரவில்லை. கடைசியில் ஒரு நாள் அத்தோ கடையில் அஜீசாவே கேட்டுவிட்டாள்.

“இன்னாடி, நெழல் மாதிரி வந்துகினே கீற?”

“நீ எப்டி படிக்கிறன்னு பாக்கத்தான்.”

“நான் எங்கடி படிக்கிறேன்?”

“அதான் கேக்கறேன். படிக்காம எப்டி எய்துற?”

அஜீசா கொஞ்சம் யோசித்தாள். “எப்டின்னு சொல்றது… ஹால்ல போய்க் குந்துனா, பதில் கண்ணு முன்னாடி தானா தெரியும்டி. நானு பார்த்து அப்டியே எய்திக்குவேன்.”

அடைக்கலமேரிக்கு உடல் சிலிர்த்துவிட்டது. இதைத்தானே ராமதாஸ் சார், ‘மனக்கண்ணில் காண்பது’ என்று ஒரு பக்கம் முழுக்கச் சொன்னார்.

“அப்ப நானும் இனிமே படிக்கல. மனச காலியா வச்சிக்கப் போறேன்.”

அஜீசாவின் கையிலிருந்த அத்தோ கரண்டி நின்றது. “வேணாம்டி. மெய்யாலுமே சொல்றேன், வேணாம். உனுக்கு இதெல்லாம் செட்டாவாது. நீ பாட்டுக்குப் படி. நல்லா படி. பேஜாரு பண்ணாத.”

எப்படிப் பதறுகிறாள் பார், என்று நினைத்துக்கொண்டாள் அடைக்கலமேரி. நல்ல பெண்தான், ஆனாலும் தொழில் ரகசியம் என்று வரும்போது யாருக்கும் மனசு வருவதில்லை.

அன்றே புத்தகங்களைப் பரணில் ஏற்றினாள். எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாத பெண். சும்மா இருப்பதையும் கடும் உழைப்போடு செய்தாள். சும்மா இருப்பதற்கு ஓர் அட்டவணை போட்டாள். மாலை தூக்கம், பிறகு கடல், பிறகு சீரியல். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வாரம் சரியாகச் சும்மா இருந்தோமா என்று திருப்பிப் பார்த்தாள். ஒரு நாள் பழக்க தோஷத்தில் மளிகைப் பொட்டலத்துத் தாளைப் படித்துவிட்டு, தன்னைத்தானே கடிந்துகொண்டாள்.

வியாகுலம்மாள்தான் பயந்துபோனாள். 

“எப்பப் பாத்தாலும் படுத்துகினே கீறாளே, ஒடம்புக்கு இன்னா வந்துச்சு இதுக்கு? ஏய், எய்ந்து ஒரு பக்கமாச்சும் படிடி.”

“படிச்சா மார்க் கொறையும்மா.”

வியாகுலம்மாள் கணவனைப் பார்த்தாள். பாஸ்கல் இதுவரை வந்த மதிப்பெண்களை மனதில் ஓட்டிப் பார்த்தார். மகள் சொல்வதை மறுக்க அவரிடம் ஆதாரம் இல்லை.

“வுடு. லோடு எறங்கிக்கினு கீது,” என்றார்.

செமஸ்டர் பரீட்சை வந்தது. வாசலில் அஜீசா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “சொம்மா தானே சொன்ன? வூட்ல கமுக்கமா படிச்சிட்டதானே?”

“ஒரு எய்த்து கூடப் படிக்கல,” என்றாள் அடைக்கலமேரி பெருமையாக. “மனசு அப்டியே கண்ணாடி மாதிரி கீது.”

அஜீசா முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ போய்விட்டது. தன்னைவிடத் தெளிந்த மனசோடு ஒருத்தி வந்துவிட்டாளே என்ற கவலை என்று அடைக்கலமேரி புரிந்துகொண்டாள்.

பரீட்சைக் கூடத்தில் அத்தனை அமைதியை அவள் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை. முன்பெல்லாம் எழுதுவதும் அடிப்பதும் மறுபடி எழுதுவதுமாகத் தாள் போர்க்களம் மாதிரி ஆகிவிடும். இப்போது அடிப்பதற்கு எதுவுமே இல்லை, எழுதினால்தானே அடிக்க. பதிவெண்ணை அழகாக எழுதினாள். கேள்வி எண்களை அழகாக எழுதினாள். பிறகு பேனாவை வைத்துவிட்டு, விடைகள் கண் முன்னால் தோன்றுவதற்காகக் காத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு கன்டெய்னர் லாரி பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது மட்டும் தோன்றியது.

பின் இருக்கையில் அஜீசா செருமினாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை செருமினாள். பாவம், சளி போலிருக்கிறது. ஆறு பரீட்சையிலும் அவளுக்குச் சளி.

முடிவு வந்தது. அடைக்கலமேரிக்கு ஆறும் ஆர்.ஏ. அந்த வகையில் முதன்முறையாக முழுமை. காத்திவாக்கத்து அத்தை ரப்பர் பூட்ஸுக்குக் கால் அளவு கேட்டு மதியத்துக்குள் போன் செய்துவிட்டாள்.

ஆனால் கல்லூரியை உலுக்கியது அது இல்லை. அஜீசாவுக்கும் ஆறு ஆர்.ஏ.

துறைத்தலைவர் விடைத்தாளை மறுபடி திருத்தக் கேட்கலாமா என்று யோசித்தார். ராமதாஸ், ‘எங்கள் மையத்தின் மாதிரி மாணவி’ என்று அஜீசாவின் படத்தோடு அச்சுக்குக் கொடுத்திருந்த பதாகையை நிறுத்தச் சொல்லி ஓடினார். ஆசிரியைகள் அவளைச் சூழ்ந்துகொண்டு, வீட்டில் பிரச்சினையா, உடம்பு சரியில்லையா, யாராவது மனசைக் கெடுத்தார்களா என்று கேட்டுக் கேட்டு அலுத்துப் போனார்கள்.

எல்லாரும் போன பிறகு மாடிப்படியடியில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தவளிடம் அடைக்கலமேரி போய் உட்கார்ந்தாள். தன் துக்கம் அவளுக்கு மறந்துவிட்டது. முதல் மாணவியின் வழியைக் கண்மூடித்தனமாகப் பின்பற்றி, அந்த வழிக்கே திருஷ்டி பட வைத்துவிட்டோமே என்று கண் கலங்கியது.

“என்ன மன்னிச்சிட்றி, அஜீசா. நானு உன்னக் காப்பியடிச்சதாலதான் உனுக்கு இப்டி ஆயிட்ச்சு.”

அஜீசா நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வருஷமாக அடக்கி வைத்திருந்த எரிச்சல் அத்தனையும் அந்தப் பார்வையில் இருந்தது.

“அடிப்பாவி, நீ மொதல்ல கரெக்டா எய்திட்டு, அப்பால சந்தேகப்பட்டு அடிச்சுத் தள்ளுவியே, நீ அடிக்கறதுக்குள்ள அத பாத்து எய்தித்தான்டி இத்தினி நாளா நானு பர்ஸ்ட் மார்க்கு வாங்கிகினு கீறேன்.”